நினைவாற்றலுக்கு நீர்ப்பிரமியும் வல்லாரையும்: உண்ணும் முறை

நினைவாற்றலுக்காக மூலிகை உண்ண விரும்புவோர் முதலில் இலையை அடையாளம் காணப் பழக வேண்டும். நீண்ட காம்பின் நுனியில், சிறுநீரக வடிவில், பல் போன்ற விளிம்போடு இருப்பது வல்லாரை. ஈரநிலத்தில் படர்ந்து, சற்றே தடித்த சிறு இலைகளை எதிரெதிராக விடுவது நீர்ப்பிரமி. இரண்டுமே பிரமி என்ற பெயரில் விற்கப்படுவதால், நீர்ப்பிரமிப் பொடி வாங்குவோர் உறையில் அதன் தாவரவியல் பெயரான பக்கோப்பா மொன்னியரி (Bacopa monnieri) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுச் சான்று ஓரளவேனும் உள்ளது நீர்ப்பிரமிக்குத்தான். அதன் செறிவூட்டிய சாற்றை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் உட்கொண்டவர்களுக்கு, கற்றதைச் சற்று நேரம் கழித்து நினைவுகூரும் திறன் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்குப் புகட்டுவது வீண் வேலை. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும் என்பதால், உணவுக்குப் பின் உண்பதே நல்லது.

வல்லாரைக்குச் சான்று குறைவு. கீரையாக உண்பதில் தவறில்லை. சாக்கடையோரம் பறிக்காமல் தொட்டியில் வளர்த்து, பலமுறை அலசி, நெய்யில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகு, தேங்காயுடன் துவையலாக அரைக்கலாம். அதன் சாற்று மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளன.

கர்ப்பிணிகளும், தைராய்டு, வலிப்பு, மறதிநோய் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது.