பாரிசவாதத்துக்குப் பிறகு குளிசையில் விடும் பிழைகள்

"கைதான் நல்லா வந்திட்டே, இனி என்னத்துக்கு இந்தக் குளிசை?" பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்து தேறியவர்கள் மட்டக்களப்புப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தேறாதவர் வேறு கணக்குச் சொல்வார்: "இவ்வளவு நாள் விழுங்கியும் கையைத் தூக்க ஏலாமத்தானே கிடக்கு." கடைசியில் இரண்டு பேரும் நிறுத்திவிடுகிறார்கள். பிழையும் ஒன்றுதான்: கையைப் பார்த்துக் குளிசையை எடைபோடுவது. கையைத் திருப்பித் தருவது பயிற்சியும் காலமும். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் கொலஸ்ரோல் குளிசையும் பிரஷர் குளிசையும் தரப்படுவது அடுத்த தடவை வராமலிருக்க. பாரிசவாதம் வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், முன்பும் ஒரு தடவை வந்து தப்பியவர். நிறுத்தியவுடன் உடம்பு ஒன்றும் சொல்லாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

கிளினிக் கொப்பியில் 120/80 என்று எழுதியதும் "பிரஷர் இல்லையாம்" என்று வீட்டில் வந்து சொல்வதும் இதே வகை. பிரஷர் போகவில்லை, குளிசைக்கு அடங்கி நிற்கிறது.

கிளினிக் நாளில் நடக்கும் பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், யாரும் அதைப் பிழையென்றே நினைப்பதில்லை. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ விடிய முதல் பஸ் பிடித்து ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் குளிசையும் போடவில்லை. வரிசையில் இருந்து முறை வரும்போது பத்து மணி தாண்டிவிடும், பிரஷர் ஏறி நிற்கும். போட்டும் குறையவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டுகிறார். மறுநாள் வீட்டில் கூட்டிய அளவைப் போட்டதும் தலை சுற்றுகிறது. "இந்த மருந்து எனக்கு ஒத்துவராது" என்று கவரோடு அலுமாரிக்குள் போய்விடுகிறது. இரத்தப் பரிசோதனை நாளிலும் பிரஷர் குளிசையைப் பச்சைத் தண்ணீரோடு பொதுவாகப் போடலாம். சாப்பிடும்வரை பொறுக்க வேண்டியவை சீனிக் குளிசையும் இன்சுலினும்தான். போடாமல் வந்திருந்தால் கையில் பட்டி கட்டும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், பின்னேரம் தனியாரிடம் சனல் பண்ணி இன்னொருவர் என்று காட்டுபவர்களுக்கு வேறொரு ஆபத்து. கிளினிக்கில் கிடைக்கும் லொசார்டன் என்ற பிரஷர் குளிசையும் பார்மசியில் கம்பனிப் பெயரோடு வாங்குவதும் ஒரே மருந்தாக இருக்கும். நிறம் வேறு, பெட்டி வேறு என்பதால் இரண்டையும் போடுவார்கள். எங்கே போனாலும் எல்லாக் கவரையும் ஒரே பையில் கொண்டுபோவது நல்லது.

சிலருக்குத் தொடக்கத்தில் அஸ்பிரினும் அதைப்போல இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோகிரலும் சேர்த்து 21 நாட்கள், சிலவேளை 90 நாட்கள்வரை தருவார்கள். பிறகு ஒன்றை நிறுத்தச் சொன்னால் இரண்டையும் நிறுத்துபவர்கள் உண்டு. பழைய துண்டைக் காட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இரண்டாவதில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும்.

அடுத்த வீட்டுக்காரரின் அஸ்பிரினை வாங்கிப் போடவே வேண்டாம். அவருக்கு வந்தது மூளையில் அடைப்பாக இருக்கலாம், உங்களுக்கு வந்தது இரத்தக்கசிவாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இருமல், கால் வீக்கம் என்று தாமாக நிறுத்துவது அடுத்தது. பிரஷர் குளிசைகளில் எனலாபிரிலுக்கு வறட்டு இருமலும் அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கமும் வருவதுண்டு. இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். டொக்டரிடம் முறையிட நம் ஆட்களுக்கு இருக்கும் கூச்சத்தை எந்தக் குளிசையாலும் மாற்ற ஏலாது.

மாரியில் காய்ச்சல் வந்தால் டெங்கு என்ற எண்ணம் முதல் நாளே வர வேண்டும். அஸ்பிரின் போடுபவர் என்றால் தாமாக நிறுத்தவும் வேண்டாம், பேசாமல் தொடரவும் வேண்டாம். அன்றைக்கே போய், அஸ்பிரின் போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் அப்படித்தான், பெரும்பாலும் நிறுத்தத் தேவை வராது. முழங்கால் நோவுக்குக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுவதை மட்டும் விடுங்கள். அது பிரஷரையும் ஏற்றும், அஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் இரத்தமும் கசிய வைக்கும்.

விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு எல்லாக் குளிசையையும் இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பது வீட்டார் பாசத்தில் விடும் பிழை. மெதுவாகக் கரைய வேண்டிய நிபெடிபின் எஸ்ஆரை இடித்தால் முழு அளவும் ஒரேயடியாக இறங்கிப் பிரஷர் சரிந்துவிடும். பாதிக் கஞ்சி கோப்பையில் மிஞ்சினால், பாதி மருந்தும் அங்கேதான். எதை இடிக்கலாம் என்று மருந்து தரும் ஜன்னலிலேயே கேட்கலாம்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு பிடிப்பவர்கள் றமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே நேரத்தைப் பேசிவைக்க வேண்டும். பல குளிசைகளை நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹருக்கும் மாற்றலாம். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். பகல் குளிசையைத் தாமாக மாதம் முழுக்க விடுவதுதான் பிழை.

ஒரு நேரம் மறந்தால் அடுத்த நேரத்துக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம். காலைப் பிளேன்ரீக்குப் பக்கத்தில் குளிசைப் பெட்டியை வைத்தால் மறதி பாதி குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் திடீரென வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் வீட்டில் அஸ்பிரின் கொடுத்துப் பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். கிளினிக் கொப்பியும் குளிசைக் கவர்களும் நோயாளியோடு போகட்டும். அவர் இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாஃபரின் போடுபவர் என்றால் அந்த ஊசியைக் கொடுக்கலாமா என்பதே மாறிவிடும்.