மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: படிப்புக்குப் பணம் கட்டும் முன் வீட்டிலேயே தொடங்கும் வழி

2000ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் கல்லூரி முடித்தவர்களைக் கேட்டால், சொந்தத்தில் யாராவது ஒருவர் இந்த வேலையில் இருந்திருப்பார். அமெரிக்க மருத்துவர் பகலில் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். சென்னையில் இரவோடு இரவாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். அந்த வேலை அந்த வடிவில் இப்போது இல்லை. மருத்துவர் பேசப் பேச மென்பொருளே எழுதிவிடுகிறது. இங்கே சிங்கப்பூரில், பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் ‘நோட் பட்டி’ என்ற கருவி, மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் அதற்குத் தெரியும்.

அப்புறம் எதற்கு ஆள்? அது எழுதியதைச் சரிபார்க்க. விரல் வேகத்தை மட்டும் நம்பி வருபவர்களுக்கு இனி இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. காதும் பொறுமையும் இருப்பவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆகவே நான் சொல்லும் பயிற்சியும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆங்கிலத் தட்டச்சு நிமிடத்துக்கு 50 சொல்லாவது வரும் என்று வைத்துக்கொள்கிறேன். வராது என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: கருவிகள்

ஒலியை ஓட்டி நிறுத்தித் தட்டச்சு செய்ய எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் என்ற மென்பொருள், இலவசப் பதிப்பே போதும். எஃப்9 ஓட்ட, எஃப்4 நிறுத்த, எஃப்7 பின்னுக்கு. ஒலியைக் காலால் ஓட்டி நிறுத்தும் கால்மிதியை இப்போதே வாங்க வேண்டாம். வேலை பார்ப்பது என்று முடிவான பிறகு கரோசெல் விற்பனைத் தளத்தில் பழையதாகத் தேடுங்கள்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. வயர் உள்ளது, காதை முழுக்க மூடுவது. புளூடூத் வேண்டவே வேண்டாம். நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது பல புளூடூத் ஹெட்ஃபோன்கள் முதல் அசையை விழுங்கிவிடும். அந்த அசை ‘நோ’வாக இருந்தால், காய்ச்சல் இல்லாத நோயாளிக்கு உங்கள் அறிக்கையில் காய்ச்சல் வந்துவிடும்.

படி 2: சொற்கள்

அகராதியை மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னொட்டு, பின்னொட்டு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது: ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது, ‘ஆஸ்டமி’ என்றால் துளை வைப்பது, ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறப்பது. பிறகு காதை ஏமாற்றும் இரட்டைகளுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் சிரமம். ‘இலியம்’ என்று கேட்டால் ஆங்கிலத்தில் நடு எழுத்து ‘ஈ’யா ‘ஐ’யா என்று பார்க்க வேண்டும், முன்னது சிறுகுடல், பின்னது இடுப்பெலும்பு. ஹைட்ராலசீன் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசீன் அரிப்புக்கு. எந்த உறுப்பைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் எது சரி என்பது தானாக விளங்கும்.

படி 3: பயிற்சி ஒலிக்கு என்ன செய்வது?

உண்மையான நோயாளியின் பதிவு யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ‘எம்டி சாம்பிள்ஸ்’ என்ற தளத்தில் மாதிரி அறிக்கைகள் துறைவாரியாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றைப் படிக்காமலே நகலெடுத்து, கணினியின் உரக்கப் படிக்கும் வசதியிடம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். குரலை இந்திய ஆங்கிலம், பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். கேட்டுத் தட்டச்சு செய்து முடித்ததும், வேர்டில் ‘ரிவ்யூ’வின் கீழ் உள்ள ‘கம்பேர்’ வழியாக அசலோடு ஒப்பிடுங்கள். தவறிய இடமெல்லாம் சிவப்பாக முன்னால் வந்து நிற்கும். ஆசிரியர் தேவையில்லை.

இயந்திரக் குரல் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கும். பழகியதும் வேகத்தைக் கூட்டி, பக்கத்தில் மின்விசிறியை ஓடவிட்டுப் பதிவுசெய்து பாருங்கள். மருத்துவர்கள் சாப்பிட்டுக்கொண்டேகூடப் பேசுவார்கள்.

படி 4: இயந்திரம் எழுதியதைத் திருத்துவது

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான். பல பயிற்சிகளில் இதைக் கடைசி வாரத்தில் ஒப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதே ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டு, வேர்டின் ‘டிக்டேட்’டைத் திறந்துவிடுங்கள். அது எழுதி முடிக்கட்டும். படித்துப் பாருங்கள்: எழுத்துப்பிழை இல்லை, வாக்கியம் சுத்தம், எல்லாம் சரி போலத் தோன்றும். சிக்கலே அந்தச் சுத்தம்தான். மனிதன் தப்பாகத் தட்டினால் பார்த்ததும் தெரியும். இயந்திரத்தின் தப்பு நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருத்துவர் “நோ நோன் டிரக் அலர்ஜீஸ்” என்று சொல்லியிருப்பார். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொல்லில் ஒன்றை இயந்திரம் தின்றுவிட்டால், ஒவ்வாமை இல்லாதவருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இதே கதை.

கண் முந்திப் போவதைத் தடுக்க நான் செய்வது இது. ஒலியை ஓட்டும் முன் வேர்டில் ‘ரீப்ளேஸ்’ திறக்கிறேன். தேடும் கட்டத்தில் ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல், மாற்றும் கட்டத்தில் ^& என்ற குறி, கீழே ‘ஃபார்மட்’டில் ‘ஹைலைட்’. சொல் அப்படியே இருக்கும், மஞ்சள் மட்டும் ஏறும். ‘ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’யை டிக் செய்ய மறந்தால் ‘நார்மல்’ போன்ற சொற்களின் தலையும் மஞ்சளாகிவிடும். அப்படியே நாட், வித்தவுட், டினைஸ் (நோயாளி ‘இல்லை’ என்கிறார்), லெஃப்ட், ரைட். கடைசியில் எண்களுக்கு ^# போட்டு ஒரு சுற்று. இப்போது ஒலியை ஓட்டுங்கள். மஞ்சள் வரும் இடத்திலெல்லாம் காதால் கேட்ட பிறகுதான் நகர வேண்டும். முடிந்ததும் மஞ்சளை எடுத்துவிடுங்கள்.

மருத்துவர் முதலில் இடது முழங்கால் என்று சொல்லி, பிறகு வலது என்றால்? நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நேரத்தைக் குறித்துக் கேள்வியாக அனுப்புங்கள். புரியாத சொல்லுக்கும் அதுவே: வெற்றிடம் விட்டு நேரம் போடுங்கள். வெற்றிடத்துக்காக யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. ஊகித்து எழுதினால் அனுப்புவார்கள்.

மருந்தளவில் 1 மில்லிகிராம் என்றால் 1 மட்டும், 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். அரை மில்லிகிராம் 0.5, வெறும் .5 அல்ல. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் தடை செய்த எழுத்துமுறைகளில் இவை இரண்டும் உண்டு.

படி 5: எந்த ஊருக்கு எழுதுகிறோம்?

மாதிரி அறிக்கைகள் அமெரிக்க நடையில் இருக்கும். சிங்கப்பூர் மருந்தகங்களுக்குப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். அசெட்டமினோஃபன் இங்கே பாரசிட்டமால், அல்புட்டெரால் இங்கே சால்பூட்டமால், எபிநெஃப்ரின் இங்கே அட்ரினலின். ரத்தச் சர்க்கரை அங்கே மில்லிகிராமில், இங்கே மில்லிமோலில். 7 என்பது அங்கே 126. அலகை மட்டும் மாற்றி எண்ணை விட்டுவிட்டால் ஆபத்து, அதனால் அலகில் கைவைக்காமல் சொன்னபடி எழுதுங்கள்.

பெயர்களும் அப்படித்தான். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால், மலாயில் பின், பிந்தே, நம்மவர்களுக்கு எஸ்/ஓ, டி/ஓ (எல்லாமே இன்னாரின் மகன், மகள் என்பதுதான்). அமெரிக்க வார்ப்புருவில் ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் தகப்பனார் பெயர் போய் உட்கார்ந்துவிடும். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயராகவே போடுங்கள்.

படி 6: ரகசியம்

2018இல் சிங்ஹெல்த் தரவு ஊடுருவலில் 15 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. அடுத்த ஆண்டு சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிகளைக் கவனித்த ஐஹிஸ் நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம். நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் விழிக்காதீர்கள். வேலையில் சேர்ந்த பின் நோயாளியின் ஒலியை இலவச இணையக் கருவி எதிலும் ஏற்றக் கூடாது. வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதும் கூடாது.

படி 7: வேலையும் படிப்பும்

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் இந்த வேலையின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அதிகம் கிடைக்காது. மெடிக்கல் செக்ரட்டரி, கிளினிக் அசிஸ்டண்ட் என்றும் தேடுங்கள். தனியார் சிறப்பு மருத்துவர்களிடம் காப்புறுதி அறிக்கை, பரிந்துரைக் கடிதம் என்று எழுத்துவேலை நிறைய. அந்த வாசல் வழியாக நுழைவது எளிது. வெளிநாட்டு வேலைக்குக் கூலி பெரும்பாலும் எத்தனை வரி எழுதினீர்கள் என்ற கணக்கில். இடைவெளி சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்பது வழக்கம், என்றாலும் இடைவெளியைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படிப்பில் சேர்வதானால் நாலாவது படியை எத்தனை மணிநேரம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரருக்குப் படிப்புச் செலவுக்கு அரசு தரும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை செல்லுமா என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நீங்களே பாருங்கள், முகவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே முதல் வந்த 4,000 வெள்ளி எல்லாப் படிப்புக்கும் செல்லாது.

பின்சேர்க்கை: “அக்கா, நான் டிபியில் (வேலை அனுமதி உள்ளவரின் குடும்பத்தினருக்கான அட்டை) இருக்கிறேன், வேலை பார்க்கலாமா?” என்று பல தங்கைகள் கேட்டுவிட்டார்கள். 2021 மே 1 முதல் டிபி உள்ளவர்கள் இங்குள்ள நிறுவனத்தில் சேர வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் இவற்றில் ஒன்று தேவை. பழையபடி சம்மதக் கடிதம் மட்டும் போதாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து செய்வதானாலும் மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் சுயதொழிலாக எடுத்துச் செய்தால், ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டும்போது மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். ஹெட்ஃபோன் ரசீதும் அதில் இருக்கட்டும்.