மோன்சாவின் பழைய சாய்தளத்தை அசெட்டோ கோர்சாவில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மோன்சா இத்தாலியிலுள்ள கார் பந்தயப் பாதை, அசெட்டோ கோர்சா கணினியில் ஆடும் கார் பந்தய விளையாட்டு. சாய்தளம் என்பது அந்தப் பாதையில் பக்கவாட்டில் சரிவாகக் கட்டிய பழைய வளைவு. முதலில் இன்றைய 5.793 கி.மீ. மோன்சாவில் பத்துச் சுற்று ஓட்டுங்கள். பிறகு அதே விளையாட்டிலுள்ள 1966 மோன்சாவின் முழு வடிவத்தை, 10 கி.மீ. நீளமானதை, பயிற்சி முறையில் திறந்து லோட்டஸ் 49 என்ற பழைய பந்தயக் காரை எடுங்கள். பெட்ரோல் 30 லிட்டர் போதும். தரையில் தெரியும் வழிகாட்டிக் கோட்டை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கண் கோட்டை விட்டு நகராது, பாதையைப் பார்க்கவே மாட்டீர்கள்.

1972-க்கு முந்தைய பாதை என்பதால் வேகத்தடை வளைவுகளே கிடையாது. ஒரே சுற்றில் பிட் பகுதியை, அதாவது கார்கள் நின்று பழுது பார்க்கும் இடத்தை, இருமுறை கடப்பீர்கள். 1955-இல் கட்டிய கான்கிரீட் சாய்தளம்தான் இங்கே விசேஷம். அதில் வேகம் குறைந்தால் வண்டி கீழே சரியும். பதறி ஸ்டியரிங்கை மேல்நோக்கி வெட்டினால் சுழன்றுவிடும். ஆக்சிலரேட்டரை சீராக வைத்து, நடுவுக்குச் சற்று மேலே பிடித்துப் போங்கள்.

சாய்தளத்தில் டயர் மேல் பாரம் கூடுவதால் நீங்கள் கையில் பிடித்திருக்கும் விளையாட்டு ஸ்டியரிங் வீல் கல்லாக இறுகி, மேடுபள்ளம் கையில் தெரியாமல் போகலாம். விளையாட்டின் பெடல் திரையில், ஸ்டியரிங் வீலுக்கு வரும் விசையைக் காட்டும் பட்டை சிவந்தால் அந்த விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கடைசியாகச் செயற்கைக்கோள் வரைபடத்தில் மோன்சா பூங்காவைத் தேடுங்கள். லெஸ்மோ வளைவுகளைத் தாண்டியதும் இன்றைய பாதைக்கு மேலே குறுக்கே போகும் பாலம், நீங்கள் ஓட்டிய, சாய்தளம் உள்ள அந்த வட்டப்பாதையேதான்.