பெட்டி கட்டும் முன்: முதியோர் இல்லத்தில் சேர்ப்பதில் நேரும் தவறுகள்

"ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடலாம்ப்பா" என்று சொல்லிக் கூட்டிப்போவதுதான் முதல் தவறு. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகில் உட்கார்ந்துவிடுவார். அதன்பின் அங்கே யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். எந்த அறை, மாதம் எவ்வளவு, யார் எந்தக் கிழமை வருவீர்கள் என்பதை அவரிடமே சொல்லுங்கள். சேர்க்கும் முன் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இல்லத்தைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்குப் போனால் தரை துடைத்திருக்கும், ஆட்கள் நிறைய இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை போங்கள். ராத்திரி ஆள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியும். கழிப்பறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வரும்வரை ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் பலர். அதனால் முட்டியும் முதுகும் விறைத்தவருக்குக் குந்தும் கழிப்பறை ஆகாது. வெஸ்டர்ன் கழிப்பறையும், பக்கத்துச் சுவரில் பிடித்து எழக் கம்பியும் வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும்.

பெரிய ஆபத்து மாத்திரையில்தான். எல்லா அட்டையையும் ஒரு கேரிபேக்கில் போட்டு, "காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சர்க்கரைக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏழரைக்கு மாத்திரை, எட்டுக்குள் சாப்பாடு. இல்லத்தில் டிபன் ஒன்பது மணிக்கு என்றால், பழக்கப்படி ஏழரைக்கே மாத்திரை போட்டவருக்கு இடையில் சர்க்கரை இறங்கும்: வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். "வயசாச்சு, உளறுறாரு" என்று விட்டுவிடக் கூடாது. நினைவோடு விழுங்க முடிந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதோடு சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்துகொள்ளும். இத்தனை வருஷம் ராகி களியும் கீரைக் கடைசலும் தின்றவர், புது இடத்து இட்லியை ஒன்றரையோடு நிறுத்திவிடுவார். சாப்பாடு பாதியாகி, மாத்திரை பழைய அளவிலேயே போகும். ஆகவே சேர்க்கும் முன்பே டாக்டரிடம் புதுச் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி, மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி இல்லத்தில், ஒன்று உங்கள் போனில்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கோ கன்னடமோதான். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவக்கூடும். அவர் பேச்சைப் புரிந்துகொள்ள ஓர் ஆளாவது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். தருமபுரிக்காரரை ஓசூரில் சேர்ப்பதானால் ஸ்வெட்டரும் வெந்நீர் வசதியும் மறக்கக் கூடாது. மார்கழிக் குளிர் அங்கே வேறு மாதிரி.

முன்பணம் திரும்ப வருமா, டயபரும் ஆஸ்பத்திரி வண்டியும் மாதக் கட்டணத்தில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றையும் கேட்டுப் பாருங்கள். ஏடிஎம் அட்டை, பின் நம்பர் யாரிடமும் தரவேண்டாம்.

சேர்க்கும் அவசரத்தில் நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதுவதும் நடக்கிறது. எழுதத்தான் வேண்டுமென்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அதை மீறினால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்திடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

முதல் மாதம் ஞாயிறு மதியம் மட்டும் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம், பல்செட் வாயில் இருக்கிறதா டப்பாவில் இருக்கிறதா, வேட்டியை இடுப்பில் முன்னைவிட இறுக்கிச் சுற்றியிருக்கிறாரா என்று பாருங்கள்.