மஞ்சள் மண்டியில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை: ஹார்டு டிஸ்க்கைச் சோதித்து வாரண்டியில் மாற்றுவது எப்படி?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மாமா போன வாரம் கூப்பிட்டார். "மாப்ள, டேலி திறக்கறதுக்குள்ள ஒரு டீயே குடிச்சுடலாமுங்க. வைரஸா இருக்குமுங்களா?" போய்ப் பார்த்தேன். வைரஸ் இல்லை, டிஸ்க். அங்கே செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவித் திறங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. மாமாவுக்கு மஞ்சள். அவர் தொழிலுக்கு மங்களம்தான், இங்கே இல்லை.

படி 2: நிறத்தோடு நிற்காமல் எண்களைப் பாருங்கள். 'ரா வேல்யூஸ்' பத்தி பதினாறின் அடிமானத்தில் இருக்கும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் போய் அதை டெசிமலாக்கிக் கொள்ளலாம். 05 என்ற எண்ணுள்ள வரி, கெட்ட செக்டாருக்கு (டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னப் பகுதி) பதிலாக, கையிருப்பிலிருந்து மாற்றிப் போட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5, படிக்கத் திணறி இன்னும் முடிவாகாதவை. சி6, சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. மூன்றும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. 05-ல் சின்ன எண் மாறாமல் நின்றால் கவனித்து வரலாம். வாராவாரம் ஏறினால் காத்திருக்காதீர்கள். சி7 மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் கேபிள் கோளாறுதான், முதலில் அதை மாற்றுங்கள்.

நீலமாக இருக்கிறதே என்று தூங்கிவிடவும் முடியாது. கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

படி 3: முதலில் நகல், அப்புறம்தான் சோதனை. சீகேட்டின் சீடூல்ஸ் போன்ற தயாரிப்பாளர் மென்பொருளின் நீண்ட சோதனை, டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகக் கிடப்பதை அதுவே முடித்துவிடலாம். நான் ஒருமுறை வரிசையை மாற்றிச் செய்து பாதிக் கல்யாணப் படங்களை இழந்தவன். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எதையும் ஓட்டாமல் உடனே அணைத்துவிடுங்கள்.

படி 4: சீரியல் நம்பரை தயாரிப்பாளர் தளத்தின் வாரண்டிப் பக்கத்தில் போட்டால் கடைசித் தேதி தெரியும். கம்பெனிக் கம்ப்யூட்டரோடு வந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். பில், எண்கள் தெரியும் ஸ்கிரீன்ஷாட், சோதனை தோற்றபோது வந்த குறியீடு மூன்றையும் எடுத்து வையுங்கள். வாங்கிய கடையில் "ஓடுதுங்களே" என்று மாமாவைத் திருப்பி அனுப்பினார்கள். குறியீட்டைக் காட்டியதும் பேச்சு மாறியது. லேபிளைக் கிழிக்கவோ, திருகைக் கழற்றவோ கூடாது.

கொடுத்த டிஸ்க் திரும்பி வராது. அதனால் ஓடும் நிலையில் இருந்தால் முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். மண்டிக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. பதிலுக்கு வருவது பெரும்பாலும் பழுது நீக்கிய டிஸ்க்காக இருக்கும், உங்கள் தகவல் அதில் இருக்காது.

மாமாவின் டிஸ்க்குக்கு இன்னும் நாலு மாதம் வாரண்டி இருந்தது. மாற்று வரும்வரை மண்டியில் சிட்டையை எடுத்துக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்.