ஒரு பாப் நட்சத்திரத்தின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்புக்குப் பாடல்களைத் தேர்வது எப்படி? மடோனாவை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கப் பாப் பாடகி மடோனா 1990 நவம்பரில் வெளியிட்ட ‘தி இம்மாகுலேட் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பின் முதல் பாடலான ‘ஹாலிடே’, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் 16ஆம் இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை. ஆனால் 1987இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த ‘ஹூஸ் தட் கேர்ள்’ அந்தத் தொகுப்பில் எங்குமே இடம்பெறவில்லை. அப்படியிருந்தும், ஒரு பாடகரின் வெற்றிப்பாடல் தொகுப்பு எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் அதுவும் ஒன்று. எனவே, தரவரிசைப் பட்டியலைப் பார்த்து மேலிருந்து கீழாகப் பாடல்களை எடுத்து வைப்பது மட்டுமே இந்த வேலை அன்று என்பது தெளிவாகிறது. பிறகு இது என்ன வேலை என்பதை, அதே மடோனாவின் 1982 முதல் 1990 வரையிலான பாடல்களை எடுத்துக்கொண்டு, முதன்முறையாகப் பட்டியல் போட முனைபவர்களுக்காகப் படிப்படியாக விளக்குகிறேன்.

தேவைப்படுபவை அதிகமில்லை. பாடகர் வெளியிட்ட சிங்கிள்கள் (தனிப்பாடலாக வெளியிடப்பட்டவை) அனைத்தின் பட்டியல், ஒவ்வொன்றும் வெளிவந்த ஆண்டு, குறைந்தது இரண்டு நாடுகளின் தரவரிசையில் அது எட்டிய உயர்ந்த இடம், பாடலின் நீளம் ஆகிய நான்கையும் ஒரு தாளிலோ கணினியிலோ அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: கால எல்லையை முடிவு செய்யுங்கள்

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். ஈகிள்ஸ் குழுவினரின் முதல் வெற்றிப்பாடல் தொகுப்பு 1971 முதல் 1975 வரை என்று தலைப்பிலேயே எல்லை வகுத்துக்கொண்டு 1976 பிப்ரவரியில் வந்தது. அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடலான ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ இடம்பெற்ற ஆல்பம் அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளியானது. அந்தப் பாடல் இல்லாமல், வெறும் பத்துப் பாடல்களோடு வந்த அத்தொகுப்பு அமெரிக்க வரலாற்றில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்றாகத் திகழ்கிறது. எல்லை தெளிவாக இருந்தால், வெளியே நிற்கும் பாடலுக்காக யாரும் தொகுப்பைக் குறை சொல்வதில்லை. நம் எடுத்துக்காட்டில் எல்லை, 1982 அக்டோபரில் வந்த ‘எவ்ரிபடி’ என்ற முதல் சிங்கிளில் தொடங்கி 1990இல் முடிகிறது.

படி 2: விதியை ஒரே வாக்கியத்தில் எழுதி, சோதித்துப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிச் சென்று, பிடித்த பாடல்களை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு பதினைந்தாவது பாடலுக்கு வரும்போது, எதை ஏன் எடுத்தோம் என்பது அவர்களுக்கே விளங்காமல் போகிறது. மிக எளிய விதி, முதலிடம் பிடித்தவை மட்டும் என்பது. பீட்டில்ஸ் குழுவினரின் ‘1’ என்ற 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு, அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ முதலிடம் பெற்ற 27 பாடல்களை அவ்வாறுதான் அடுக்கியது. அந்த விதியின் விலையும் அங்கேயே தெரிகிறது. ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டும் ஒரே சிங்கிளின் இரு பக்கங்களாக 1967இல் வந்தவை. பிரிட்டனில் அந்த சிங்கிள் இரண்டாம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் இரு பக்கங்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டதால் ‘பென்னி லேன்’ மட்டும் முதலிடம் பெற்றது. ஆகவே, தொகுப்பில் முந்தைய பக்கம் இருக்கிறது. அந்தக் குழுவின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றெனப் பலரும் போற்றும் மறுபக்கம் இல்லை.

அதே விதியை மடோனாவுக்குப் பொருத்திப் பாருங்கள். தொகுப்பு வெளிவருவதற்கு முன் அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் தேடித் தந்தவை எட்டு: ‘லைக் எ வர்ஜின்’, ‘கிரேஸி ஃபார் யூ’, ‘லிவ் டு டெல்’, ‘பாப்பா டோன்ட் பிரீச்’, ‘ஓப்பன் யுவர் ஹார்ட்’, ‘ஹூஸ் தட் கேர்ள்’, ‘லைக் எ பிரேயர்’, ‘வோக்’. பிரிட்டனின் முதலிடங்களையும் சேர்த்தால் ‘இன்டு தி குரூவ்’, ‘ட்ரூ புளூ’, ‘லா இஸ்லா போனிட்டா’ ஆகிய மூன்றும் கூடிப் பதினொன்றாகும். இரண்டு நாடுகளைக் கூட்டியும் ‘மெட்டீரியல் கேர்ள்’ உள்ளே வரவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் இடத்தில் நின்ற ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ வரவில்லை. ‘ஹாலிடே’ அருகில்கூட வரவில்லை. அந்த மூன்றும் இல்லாத மடோனா தொகுப்பை யார் வாங்குவார்கள்?

இன்னொரு சிக்கலும் இங்கே தலைகாட்டுகிறது. ‘இன்டு தி குரூவ்’ பிரிட்டனில் மடோனாவின் முதல் முதலிடப் பாடல். அமெரிக்காவிலோ அது தனி சிங்கிளாக வெளியாகாமல், ‘ஏஞ்சல்’ என்ற பாடலின் பன்னிரண்டு அங்குலத் தட்டில் பின்பக்கப் பாடலாகவே வந்தது. கடையில் சிங்கிளாக விற்காத பாடல் ஹாட் 100 பட்டியலில் இடம்பெற முடியாது என்பது அன்றைய நடைமுறை. ஆகவே, அமெரிக்கத் தரவரிசையை மட்டும் நம்பி வேலை செய்பவருக்கு அப்படி ஒரு பாடல் இருப்பதே தெரியாமல் போகும். தரவரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால், பாடல் தோற்றதாலா, போட்டியில் இறங்காததாலா என்று விசாரித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.

இதற்காக நான் பரிந்துரைக்கும் விதி சற்றே நீளமானது: ஏதேனும் ஒரு முக்கிய நாட்டில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும், வராவிட்டால், வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் பாடகர் அதை மேடையில் விடாமல் பாடிவந்திருக்க வேண்டும். ‘ஹாலிடே’ 1985, 1987, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளின் சுற்றுப்பயணங்களிலும் மேடையேறியது. போதாக்குறைக்கு, 1985இல் பிரிட்டனில் மறுபடியும் வெளியிடப்பட்டு இரண்டாம் இடம் வரை சென்றது. இவ்விதியின் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டாலும் அது உள்ளே வந்துவிடுகிறது.

படி 3: ஒரே வேலையைச் செய்யும் பாடல்களை ஜோடி சேருங்கள்

விதியைத் தளர்த்தியதும் பட்டியல் இருபதைத் தாண்டும். இப்போது கழிக்க வேண்டும். ஒவ்வொரு பாடலையும் கேட்டு, அது தொகுப்பில் என்ன வேலை செய்கிறது என்பதை எதிரே எழுதுங்கள்: ஆட்டப்பாடல், மெல்லிசை, சர்ச்சையைக் கிளப்பிய பாடல், பழைய பாணியை நினைவூட்டும் பாடல் என்று உங்கள் சொற்களிலேயே எழுதலாம். எந்த இரண்டு பாடல்களுக்கு எதிரே ஒரே குறிப்பு விழுகிறதோ, அவற்றுள் ஒன்று மட்டுமே தங்க வேண்டும்.

‘ஹூஸ் தட் கேர்ள்’ ஏன் விடுபட்டது என்பதற்கு என் ஊகம் இங்கேதான் இருக்கிறது. அதே 1987இல் வந்த ‘லா இஸ்லா போனிட்டா’வும் லத்தீன் தாளம், இடையிடையே ஸ்பானியச் சொற்கள், இசையமைப்பாளர் பேட்ரிக் லியோனார்டின் இசைக் கூட்டு என்று ஏறத்தாழ அதே பாதையில் செல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பிந்தைய பாடல் முந்தையதன் எதிரொலியாகவே காதில் விழும். அமெரிக்காவில் நான்காம் இடத்தோடு நின்ற ‘லா இஸ்லா போனிட்டா’வைத் தக்கவைத்துக்கொண்டு, முதலிடம் பிடித்ததை வெளியே நிறுத்தியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். மெட்டில் அதுவே நிறைவானது. மற்றொன்று, அதே பெயரில் வந்த திரைப்படத்தோடு ஒட்டிப் பிறந்து, அந்தப் படத்தோடே மங்கிப்போனது.

‘ட்ரூ புளூ’, ‘செரிஷ்’ ஆகிய இரண்டும் இதே போன்ற ஜோடிதான். இரண்டுமே 1950, 60களின் பாப் இசையை அன்போடு திரும்பிப் பார்க்கும் காதல் பாடல்கள். முன்னது பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். பின்னது அமெரிக்காவில் இரண்டாமிடம், பிரிட்டனில் மூன்றாமிடம். எண்களைப் பார்த்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது. தொகுப்பாளர்கள் ‘செரிஷ்’ பாடலை எடுத்தார்கள். நான் ‘ட்ரூ புளூ’வை எடுத்திருப்பேன்; நீங்கள் எதை எடுத்தாலும், இரண்டையும் சேர்த்து எடுக்காதவரை கணக்கு சரிதான். ‘லைக் எ வர்ஜின்’ ஆல்பத்திலிருந்து ஐந்தாமிடம் தொட்ட ‘ஏஞ்சல்’, ‘டிரெஸ் யூ அப்’ இரண்டும் வெளியே நிற்பதற்கும், அந்த ஆல்பத்தின் துள்ளல் ‘மெட்டீரியல் கேர்ள்’ வழியாக ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்பதே காரணமாக இருக்கலாம்.

படி 4: நிமிடங்களைக் கூட்டுங்கள்

அன்றைய சிடி ஒன்றில் 74 நிமிடங்கள் அடங்கும். மடோனாவின் தொகுப்பு 17 பாடல்களோடு ஏறக்குறைய 73½ நிமிடங்கள் ஓடுகிறது; அதாவது, இன்னொரு பாடலுக்கு அங்கே இடமே இல்லை. அறுபது நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு அடங்கும் என்று கணக்குப் பார்த்துக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகப் புரியும்.

இந்த இடத்தில் தொகுப்பாளர்கள் கையாண்ட உத்தியைக் கவனியுங்கள். முதல் ஆல்பத்தில் ஆறு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும் ‘ஹாலிடே’ இங்கே ஏறக்குறைய நான்கு நிமிடங்களாகக் குறைந்திருக்கிறது. ஐந்தரை நிமிட ‘லக்கி ஸ்டார்’ மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலாகவும், ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓடும் ‘பார்டர்லைன்’ நான்கு நிமிடங்களாகவும் சுருங்கியிருக்கின்றன. மூன்றிலும் மிச்சமானதைக் கூட்டினால் ஐந்து நிமிடங்கள் தேறுகின்றன; தொகுப்புக்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட ‘ஜஸ்டிஃபை மை லவ்’ பாடலின் நீளமும் ஐந்து நிமிடங்களே.

இணையத்தில் பட்டியல் போடும் இன்றைய நிலையில் நிமிட வரம்பு எதுவும் கிடையாது என்றாலும், பயிற்சிக்காகவாவது 74 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு இல்லாவிட்டால் மூன்றாம் படியில் கழித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 5: எந்த வடிவம் என்பதைக் குறித்துவையுங்கள்

பாடலின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ 1989ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு வடிவிலும், வானொலியிலும் வீடியோவிலும் இசைத் தயாரிப்பாளர் ஷெப் பெட்டிபோன் மாற்றிக் கலந்த ரீமிக்ஸ் வடிவிலும் ஒலித்தது. மக்கள் எந்த வடிவத்தைக் கேட்டு அதை வெற்றிப்பாடல் ஆக்கினார்களோ, அதையே எடுப்பது பாதுகாப்பானது. மடோனாவின் தொகுப்பு இதற்கு மாறான வழியில் சென்று, பழைய பாடல்களைக் கியூசவுண்ட் என்ற ஒலிநுட்பத்தில் புதிதாகக் கலந்து வெளியிட்டது. அதன் விளைவாக, ‘லைக் எ பிரேயர்’ பாடலின் மூல வடிவத்தைக் கேட்டுப் பழகியவர்கள் இத்தொகுப்பில் வேறொன்றைக் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டாம் என்பதே என் அறிவுரை.

படி 6: வரிசைப்படுத்துங்கள்

கால வரிசை என்பது தொடக்கநிலையினருக்கு நல்ல வழி. மடோனாவின் தொகுப்பும் பெரும்பாலும் அவ்வாறே செல்வதால், நடனக்கூடத்துப் பாடகி ஒருவர் எட்டே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்தார் என்பது தானாகவே புலப்படுகிறது. ஆப்பா குழுவினரின் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘கோல்டு’ வேறு வழியில் செல்கிறது. 1976இன் ‘டான்சிங் குவீன்’ முதலில் வருகிறது. 1974இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை வென்று அவர்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘வாட்டர்லூ’ கடைசியில் வருகிறது. பாடகரின் வளர்ச்சியைக் காட்டுவது நோக்கமானால் முதல் வழியையும், கேட்பவரைத் தொடக்கத்திலேயே பிடித்து நிறுத்துவது நோக்கமானால் இரண்டாவது வழியையும் தேர்ந்தெடுங்கள்.

படி 7: புதிய பாடல்களுக்கான இடம்

பழைய பாடல்களை ஏற்கெனவே வாங்கிவிட்ட ரசிகரை மறுபடியும் கடைக்கு வரவழைப்பதற்காக, தொகுப்பில் ஒன்றிரண்டு புதிய பாடல்களைச் சேர்ப்பது இசை நிறுவனங்களின் வழக்கம். அவை பெரும்பாலும் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். ‘ஜஸ்டிஃபை மை லவ்’ அரிதான விதிவிலக்கு. அதன் வீடியோவை எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்ததால் அது தனி வீடியோவாகக் கடைகளில் விற்கப்பட்டு, பாடலும் 1991 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உடன் வந்த ‘ரெஸ்கியூ மீ’ அங்கே முதல் பத்துக்குள் நுழைந்ததோடு சரி. ரசிகராகப் பட்டியல் போடும் உங்களுக்கு இந்த நெருக்கடி இல்லையாதலால், அந்த இரண்டு இடங்களையும் மூன்றாம் படியில் மனமில்லாமல் கழித்த பாடல்களுக்குத் தந்துவிடலாம்.

அடுத்த பயிற்சி

இந்தப் படிகளை ஒருமுறை முடித்தவர்கள், மடோனாவின் 1992 முதல் 2001 வரையிலான பாடல்களில் 15ஐ மட்டும் தேர்ந்தெடுத்து, 2001இல் வந்த ‘ஜிஎச்வி2’ என்ற அவருடைய இரண்டாவது வெற்றிப்பாடல் தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1992இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘திஸ் யூஸ்டு டு பி மை பிளேகிரவுண்ட்’ அதில் இல்லை. அங்கே முதல் நாற்பதுக்குள்கூட நுழையாத ‘ஹியூமன் நேச்சர்’ இருக்கிறது. அந்த இரண்டு முடிவுகளுக்கும் உங்கள் காரணத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் பட்டியலைத் திருத்தத் தொடங்குங்கள்.