பழைய பைக் இன்ஜின்ல ஆயில் லீக்: எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்றது எப்படி

இன்ஜினுக்கு அடில ஆயில் சொட்டுதுன்னா நிறைய பேர் முதல்ல பண்றது ட்ரெயின் போல்ட்ட (பழைய ஆயில வடிக்க அடில இருக்குற போல்ட்) இன்னும் கொஞ்சம் இறுக்குறதுதான். அத மட்டும் பண்ணாதீங்க, அலுமினிய கேஸ்ல மரை போச்சுன்னா லீக்க விட பெரிய வேலை அது. ஆயில் சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. மேல டேப்பெட் கவர்ல (வால்வ் அட்ஜஸ்ட் பண்ண திறக்குற மூடி) கசியுற ஆயில் ஃபின் (சூடு ஆற இருக்குற தகடு வரிசை) வழியா இறங்கி, வண்டி ஓடும்போது காத்து அத பின்னாடி தள்ளி, கடைசில கிராங்க்கேஸ் (இன்ஜினோட அடிக்கூடு) அடில வந்து சேர்ந்து ட்ரெயின் போல்ட் தலைலருந்து சொட்டும், பாக்குறவங்க போல்ட்டு மேல பழி போட்ருவாங்க. நனைஞ்சிருக்குற இடத்துலயே எது மேலயும் முன்னாடியும் இருக்கோ அங்கதான் தேடணும்.

ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி ஆயில் லெவல் பாருங்க. வண்டி சம தரைல நேரா நிக்கணும், சைடு ஸ்டாண்டுல வெச்சு பாத்தா தப்பா காட்டும். டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற குச்சி) சில வண்டில சுத்தாம சும்மா வெச்சு பாக்கணும், சிலதுல முழுசா சுத்தி பாக்கணும், மேனுவல்ல போட்டிருக்கும். லெவல் அதிகமா இருந்தா ஒன்னு யாரோ ஜாஸ்தி ஊத்திருக்காங்க, இல்ல பெட்ரோல் கலந்திருக்கு. டிப்ஸ்டிக்க மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும். கார்பரேட்டர்ல ஃப்ளோட் நீடில் (பெட்ரோல நிறுத்துற ஊசி) சரியா அடைக்காம, டேங்க் டேப்பும் திறந்தே இருந்தா பெட்ரோல் ராத்திரியெல்லாம் சிலிண்டருக்குள்ள போயி பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ இறங்கிரும். ஆயில் நீர்த்துப்போயி எல்லா பக்கமும் கசியும், அப்ப எந்த கேஸ்கட்ட (ரெண்டு பாகத்துக்கு நடுவுல வெச்சு அடைக்குற தாள்) மாத்தியும் பிரயோஜனம் இல்ல. அந்த ஆயில வெச்சுக்கிட்டு ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, பேரிங் போயிரும்.

அடுத்தது ப்ரீதர் டியூப். யாருமே கண்டுக்காத சாமான், ஆனா எனக்கு முதல் சந்தேகம் எப்பவும் இதுமேலதான். பிஸ்டன் மேலயும் கீழயும் போகும்போது கிராங்க்கேஸ் உள்ள ப்ரெஷர் ஏறும், அது வெளிய போறதுக்குத்தான் இந்த டியூப். அதுல சேறு அடைச்சிருந்தா, மடங்கியிருந்தா, குளவி கூடு கட்டியிருந்தா, ப்ரெஷர் சும்மா இருக்காது, எந்த சீல் (ஷாஃப்ட்ட சுத்தி ஆயில அடைக்குற ரப்பர் வளையம்) வீக்கா இருக்கோ அது வழியா ஆயில தள்ளிட்டு வரும். டியூப கழட்டி ஊதி பாருங்க. அப்புறம் இன்ஜின ஓடவிட்டு டியூப் வாயில கைய வெச்சு பாருங்க, லேசா புஸ் புஸ்னு வந்தா நார்மல், புகையோட வேகமா அடிச்சுதுன்னா ரிங், போர் (சிலிண்டரோட உள் சுவர்) தேஞ்சிருக்கு, அந்த வண்டிக்கு கேஸ்கட் மாத்துறது சும்மா ஒப்புக்குத்தான்.

இதெல்லாம் சரியா இருந்தா இப்ப கழுவுங்க. மண்ணெண்ணெய், இல்ல டீகிரீஸர், பழைய டூத் ப்ரஷ், ஃபின் இடுக்குலாம் விடாம. இன்ஜின் ஆறின பிறகுதான். நல்லா காய்ஞ்சதும் சந்தேகப்படுற இடத்துலலாம் டால்கம் பவுடர தட்டிவிட்டு கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சு பாருங்க. வெள்ளைல கறுப்பா ஒரு கோடு இறங்கியிருக்கும், அதோட மேல் நுனிதான் லீக். ரொம்ப தூரம் ஓட்டிட்டா எல்லாம் நனைஞ்சு மறுபடி முதல்லருந்து.

இடது பக்கம் ஸ்ப்ராக்கெட் கவருக்குள்ள ஈரமா இருந்தா அவசரப்பட்டு சீல்னு முடிவு பண்ணாதீங்க, செயினுக்கு அடிச்ச லூப்ரிகன்ட் தெறிச்சு சேர்ந்ததா கூட இருக்கலாம். அத கழுவின பிறகும் வந்தா ஸ்ப்ராக்கெட் சீல், கியர் ஷாஃப்ட் சீல், சில வண்டில கிளட்ச் புஷ் ராடு சீல், நியூட்ரல் சுவிட்ச் ஓ-ரிங், இதுல ஒன்னு.

கவர் கேஸ்கட் மாத்துறதா இருந்தா ஆயில வடிச்சுட்டு ஸ்க்ரூவ கழட்டுங்க. பழைய ஜப்பான் வண்டில இருக்குறது பாக்க பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) தலை, பிலிப்ஸ் பிட்டு சரியா உக்காராம தலைய வழிச்சுவிட்ரும், அதனால ஜேஐஎஸ் பிட்டு, இறுகியிருந்தா இம்பாக்ட் ட்ரைவர் (சுத்தியால அடிச்சா தானா திரும்புற ட்ரைவர்). ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டைல கவர் மாதிரியே வரைஞ்சு ஓட்டை போட்டு அந்தந்த இடத்துல குத்தி வைங்க, நீள ஸ்க்ரூவ குட்டை ஓட்டைல போட்டு இறுக்குனா கேஸே விரிசல் விடும். கவர் வரலன்னா ரப்பர் சுத்தியால லேசா தட்டுங்க, இடுக்குல ஸ்க்ரூ ட்ரைவர விட்டு நெம்பாதீங்க, அந்த ஒரு கீறல்லயே அடுத்த லீக் ஆரம்பிக்கும். பழைய கேஸ்கட்ட சுரண்டறது பொறுமையான வேலை, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், கொஞ்சம் தின்னர். ஓட்டைக்குள்ள துகள் விழாம துணி அடைச்சுக்கங்க, வேலை முடிஞ்சதும் துணிய எடுக்கவும் மறக்காதீங்க. சிலிக்கான் பேஸ்ட்ட அப்பி விடுற பழக்கம் எனக்கு பிடிக்காது, வெளிய பிதுங்குற அளவு உள்ளயும் பிதுங்கும், அது பிஞ்சு போயி ஸ்ட்ரெய்னர (ஆயில் வடிகட்டி) அடைக்கும். பேப்பர் கேஸ்கட் நல்லா இருந்தா அதுவே போதும். ஸ்க்ரூவ குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி ரெண்டு மூணு தடவையா இறுக்குங்க, 6 எம்எம் போல்ட்டுக்கு பொதுவா 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான்.

ஆயில் சீல் வாங்க பழசு மேல இருக்குற நம்பர பாருங்க, 20 34 7ன்னு இருந்தா உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டர்ல. ஸ்ப்ரிங் தெரியுற பக்கம் ஆயில் இருக்குற பக்கம் பாக்கணும். ஷாஃப்ட் பல்லு மேல டேப் சுத்தி, சீலோட லிப்ல (ஷாஃப்ட்ட தொடுற உள் விளிம்பு) கிரீஸ் தடவி நுழைச்சு விடுங்க, இல்லன்னா புது சீல் போடும்போதே கிழிஞ்சிரும். சீலோட வெளி விட்டத்துக்கு சரியான சாக்கெட் ஒன்ன வெச்சு நேரா தட்டி இறக்குங்க. ஷாஃப்ட்ல பழைய லிப் தேய்ச்ச பள்ளம் நகத்துல தட்டுப்பட்டா, இடம் இருந்தா சீல ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன உக்கார வைக்கலாம், லிப் புது இடத்துல உரசும்.

ட்ரெயின் போல்ட்ல நிஜமாவே லீக்னா அந்த வாஷர மாத்துங்க, நசுங்கி அடைக்கத்தான் அது இருக்கு, ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதுசு. டேப்பெட் கவர் ஓ-ரிங் கல்லு மாதிரி ஆகியிருந்தா அதுவும் புதுசு.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல, இல்ல சிலிண்டர் அடில பேஸ் கேஸ்கட்ல வந்தா டாப் எண்ட் (ஹெட், சிலிண்டர்) முழுசா கழட்டணும், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து இறுக்குற ஸ்பேனர்) இல்லாம இறங்காதீங்க. அங்க லேசா வேர்த்த மாதிரி மட்டும் இருந்து சொட்டலன்னா நான் விட்ருவேன், லெவல அடிக்கடி பாத்துக்கிட்டா போதும், அடுத்து இன்ஜின் பிரிக்கும்போது சேத்து பண்ணிக்கலாம். ஆனா ஆயில் பின் டயர் மேலயோ பிரேக் மேலயோ தெறிக்குதுன்னா எவ்ளோ சின்ன லீக்கா இருந்தாலும் சரி, அத அடைச்சு டயரையும் தொடைக்குற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.